ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன ‘ஓம்’

தம்பி,

இந்தக் கடிதம் வியாழக்கிழமை காலைக்குள் உன் லெஸ்டர் வீட்டு வாசலில் விழுந்துவிட வேண்டும் என்பதற்காக முதல் வகுப்பு முத்திரை ஒட்டியிருக்கிறேன். அம்மா ஏன் இவ்வளவையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறா என்று முகத்தைச் சுழிக்காதே. ஒன்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு நாளுக்காகத்தான். நீ எழுத்துக்கூட்டி, விரல் வைத்துத்தான் வாசிப்பாய். நல்லது. இது அவசரமாக வாசிக்கிற கடிதம் இல்லை. ரெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். ரெலிபோனில் நாம் கதைக்கிற விதம் தெரியும்தானே. நான் ‘ஓம்’ என்பேன், நீ ‘ஓம் அம்மா’ என்பாய், வைத்த பிறகு யார் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். நேற்று உன் சின்னம்மா ரெய்னர்ஸ் லேனிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தாள். ஜெர்மனியில், விண்வெளி நிலையத்தைக் கவனிக்கிற அறையில் கிடைத்திருக்கிற வேலையை வேண்டாம் என்று எழுதப்போகிறாயாம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அவர்களுக்குப் பதில் போக வேண்டுமாம். ஏனடா என்று அவள் கேட்டதற்கு, “அம்மா ஓம் எண்டு சொன்னவ, சின்னம்மா. ஆனா அது ஓம் இல்லை,” என்றாயாம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. நீ என் பிள்ளைதான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றேன். நீ கதவு நிலையில் சாய்ந்து நின்று, “அம்மா, நான் போகட்டோ?” என்று கேட்டாய். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் நம் கூரைக்கு மேலே போனது. லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில் இருக்கிற நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை பேச்சைப் பாதியில் விடுகிறோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இரைச்சல் போகும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்போம், அல்லது கேளாமலே தலையை ஆட்டுவோம். நான் தாச்சியைப் பார்த்தபடி “ஓம்” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. நீ மேலே போய்விட்டாய். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாயோ, கேட்டும் மனமில்லாமல் சொன்னேன் என்று நினைத்தாயோ தெரியாது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அப்படி ஒரு ‘ஓம்’ சொன்னால் நீ போகமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அது பிழை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் எழுதுகிறேன். ஆனால் உன் அம்மா நேராக ஒரு இடத்துக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. சுற்றி வளைத்துத்தான் வருவேன், நீ பொறுமையாகக் கூட வா.

எங்கள் ஆட்களின் ‘ஓம்’ இருக்கிறதே, அது பெரிய வில்லங்கம் பிடித்த சொல். சாப்பிடுகிறாயா என்றால் ‘ஓம்’. அது சரியான ஓம். ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போகும்போது இடையில் ‘ஓம், ஓம்’ என்போம், அதற்கு நான் இன்னும் நித்திரை கொள்ளவில்லை என்று மட்டும்தான் பொருள். ‘ஓமோ’ என்று இழுத்தால் நான் நம்பவில்லை. ‘ஓம், பாப்பம்’ என்றால் சத்தியமாக நடக்காது. உன் அப்பா கடைத்தெரு எங்கும் ‘ஓம் பாப்பம்’ சொல்லியே யாருக்கும் இல்லை என்று சொல்லாத நல்ல மனிசன் என்று பெயர் எடுத்தவர். இந்தியத் தமிழர்களின் ‘ஆமா’ இவ்வளவு வேலை செய்யுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இந்தச் சொல் எனக்கு என்ன செய்தது என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. பாதிதான் தெரியும். மீதிப் பாதியை நான் மறைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

விமானம் நிறுத்துகிற பெரிய கொட்டகையான ஹாங்கரில், நான் துப்புரவு வேலையிலிருந்து கருவிகள் வைக்கிற டூல் ஸ்டோருக்கு மாறிய புதிது. என் வேலை என்னவென்று நீ சின்ன வயதில் கேட்டபோது, விமானம் திருத்துகிறவர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலை என்று சொன்னேன். அது அவ்வளவு லேசான வேலை இல்லை என்பது உனக்குப் பிறகு தெரிந்தது. சுவர் முழுக்கப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் அந்தப் பலகையில் வரைந்திருக்கும். மெக்கானிக் தன் இலக்கம் அடித்த பித்தளை வில்லையைத் தருவார். நான் கருவியைக் கொடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் வில்லையைக் கொழுவுவேன். கருவி திரும்பி வந்தால் வில்லை திரும்பிப் போகும். பலகையில் ஓர் இடம்கூடக் காலியாக இல்லை என்று நான் கையெழுத்து வைத்த பிறகுதான் விமானம் ஹாங்கரை விட்டு வெளியே போகலாம். ஏனென்றால் ஒரு சின்ன ஸ்பானர் இறக்கைக்குள்ளோ சக்கரம் மடங்கும் இடத்திலோ கிடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நீ என்ஜினியர்.

அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நமக்கு விசா முடிவும் வரவில்லை. உனக்குப் பதின்மூன்று வயது. அன்று பின்னேரம் உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஷிப்ட் முடிகிற நேரம், கவுண்டரில் ஐந்தாறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எனக்கு மனம் முழுக்கப் பஸ்ஸில். நம் ஊர்க்காரரான சிவா என்கிற மெக்கானிக் ஒரு கட்டுக் கருவிகளைக் கொண்டுவந்து போட்டார். “சிவா, எல்லாம் வந்திட்டுதோ?” என்று கேட்டேன். “ஓம் அக்கா, ஓம்,” என்றார். நான் எண்ணவில்லை. அவருடைய வில்லைகள் எல்லாவற்றையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். கையெழுத்தும் வைத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு விளக்கை அணைக்கப் போகும்போதுதான் கண்ணில் பட்டது. பலகையில் ஓர் உருவம் வெறுமையாக இருந்தது, அதில் வில்லையும் இல்லை. பல் வைத்தியர் வைத்திருப்பது மாதிரி, நீண்ட காம்பில் சின்னக் கண்ணாடி பொருத்திய ஒரு கருவி. எட்டாத இடத்தைப் பார்க்கிறதற்கு.

சிவாவை உடுப்பு மாற்றும் அறை வாசலில் பிடித்தேன். கண்ணாடி எங்கே என்று கேட்டேன். “அக்கா, நான் ஓம் எண்டது நீங்கள் கேக்கிறது விளங்குது எண்டு. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன் எண்டுதான் போனனான்,” என்றார். போகிற வழியில் யாரோ அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அந்த வேலையை முடித்துவிட்டுப் பார்த்தபோது வில்லை எல்லாம் கையில் இருந்தது, அவரும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார். இதுவரை நீ அறிந்த கதை. கண்ணாடி சக்கர அறையில் அகப்பட்டதும், விமானம் ஒரு மணித்தியாலம் பிந்திப் போனதும், எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்ததும் உனக்குத் தெரியும்.

தெரியாதது இதுதான். நான் உடனே போய்ச் சொல்லவில்லை. இருபது நிமிடம் சொல்லவில்லை. சிவாவின் பெட்டி, பொக்கற், குப்பை வாளி என்று நாங்கள் இரண்டு பேரும் யாருக்கும் தெரியாமல் கிளறிக்கொண்டிருந்தோம். எங்கேயாவது அகப்பட்டுவிடும், யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். வேலை போனால் என்ன செய்வது, விசாக்காரர் என்ன சொல்வார்கள், உன்னை வைத்துக்கொண்டு எங்கே போவது என்றுதான் யோசித்தேன். அந்த இருபது நிமிடத்தில் விமானத்தை இழுத்துக்கொண்டு போய் டெர்மினலில் நிறுத்திவிட்டார்கள். சனங்கள் ஏறுவதற்கு வரிசையில் நின்றார்கள். அவர்களில் உன் வயதுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அதை நினைத்த பிறகுதான் மேற்பார்வையாளரின் அறைக் கதவைத் தட்டினேன். அன்று நீ பள்ளிக்கூட மண்டபத்தில் தனியே இருந்து, எல்லாப் பெற்றோரும் போன பிறகு நடந்து வீட்டுக்கு வந்தாய். பஸ் பிந்திவிட்டது என்று நான் உனக்குச் சொன்னேன். பஸ் பிந்தவில்லை, தம்பி. நான்தான் பிந்தினேன்.

என்னை வேலையால் நிறுத்தவில்லை. ஆனால் மேற்பார்வையாளர் ஒரு கட்டளை போட்டார்: இனிக் கவுண்டரில் தமிழ் கதைக்கக் கூடாது. நான் கடிதத்தை வாங்கிக்கொண்டேன், இதை வாங்கிக்கொள்ளவில்லை. குற்றம் தமிழில் இல்லை ஐயா, ஒரு சொல்லில்தான் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அன்றிலிருந்து என் கவுண்டரில் யாரும் வெறுமனே ‘ஓம்’ என்றோ ‘யெஸ்’ என்றோ சொல்லக் கூடாது. என்ன தந்தார்களோ அதைப் பெயர் சொல்லித் தர வேண்டும். கண்ணாடி ஒன்று, டோர்ச் ஒன்று தந்தாச்சு என்று அவர்கள் சொல்ல, கண்ணாடி ஒன்று, டோர்ச் ஒன்று எடுத்தாச்சு என்று நான் சொல்வேன். முதலில் சிரித்தார்கள். இப்போது பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட், வெள்ளை, கறுப்பு, பஞ்சாபி, போலந்து எல்லோரும் அப்படித்தான். அந்த நாளுக்குப் பிறகு என் பலகையில் ஒரு குண்டூசிகூடத் தவறியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

வீட்டிலும் அதைக் கொண்டுவந்தேன், நீ என்னைப் படுத்தாத பாடு படுத்தினாய். குப்பை வாளி வெளியில் வைத்தாயா என்று கேட்டால், “வாளி ஒண்டு வெளியில வைச்சாச்சு, மூடி ஒண்டு மூடியாச்சு, கதவு ஒண்டு பூட்டியாச்சு, பிள்ளை ஒண்டு களைச்சுப் போச்சு,” என்பாய். அந்தப் பகிடியை உன் நேர்முகத்தில் சொன்னாயாமே. விண்வெளியோடு கதைக்கிற லைனில் சத்தம் தெளிவில்லாமல் இருந்தால் என்ன செய்வாய் என்று அவர்கள் கேட்டபோது, எங்கள் வீட்டுக் குசினியில் பழகியிருக்கிறேன் என்று தொடங்கினாயாம். சின்னம்மா சொல்லித்தான் தெரியும். என்னிடம் நீ ஏன் சொல்லவில்லை? சொன்னால் எனக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்றா? அது எப்போதோ ஏறிவிட்டது.

இனி ஒரு விண்வெளிக்காரரின் கதைக்கு வருகிறேன். நீ இறுதி வருடம் படித்தபோது, ஷட்டில் என்கிற அமெரிக்க விண்கலம் விண்வெளி நிலையத்துக்குப் போய் நின்ற நாட்களில், நாம் இரண்டு பேரும் நேரடிப் படம் பார்க்க உன் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தோமே. நான் காலை ஷிப்ட் முடித்து வந்து தேத்தண்ணீரோடு உட்காருவேன். முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது. ஷட்டில் நிலையத்துக்குக் கிட்டப் போனதும் நேரே போய் ஒட்டவில்லை. மெல்லமாக மல்லாக்கப் புரண்டு தன் வயிற்றைக் காட்டியது, நிலையத்தில் இருந்தவர்கள் சூடு தாங்குகிற ஓடு ஏதும் உடைந்திருக்கிறதா என்று படம் எடுத்தார்கள். கதவு திறந்து, கட்டிப்பிடித்து, சிரித்து முடித்த கையோடு, வந்தவர்களை நிறுத்தி வைத்து நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள். இதுகள் என் ஆட்கள் என்று அப்போதே சொன்னேன். நீ சிரித்தாய்.

பிறகு அவர்கள் வெளியே போய் வேலை செய்த நாள். ஆறு ஏழு மணித்தியாலம் தொடர்ந்து வேலை. முதல் நாள் இரவே போகிற இரண்டு பேரையும் காற்றழுத்தம் குறைத்த சின்ன அறையில் படுக்க வைத்துவிட்டார்கள், இரத்தத்தில் இருக்கிற நைதரசன் போக வேண்டும் என்று நீ விளக்கினாய். வெளியே போனால் ஒவ்வொரு கருவியும் வாரில் கட்டியிருக்கிறது. ஆளும் கட்டியிருக்கிறார். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக, இரண்டாவது கொளுக்கியை மாட்டிய பிறகுதான் முதலாவதைக் கழற்றுகிறார். இடையிடையே வேலையை நிறுத்திக் கையுறையை முகத்துக்கு நேரே பிடித்துக் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கிறார். பூமி கீழே நீலமாகச் சுற்றுகிறது, அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சில நேரம் படம் நின்று திரை வெறும் நீலமாகிவிடும், அது நாம் தேத்தண்ணீருக்குக் கேத்தல் போடுகிற நேரம். “அம்மா, ஒராள் ஆணி கழட்டுறார், நீங்கள் படம் பாக்கிற மாதிரிப் பாக்கிறீங்கள்,” என்று நீ பகிடி பண்ணினாய். நான் பார்த்தது ஆணியை இல்லை. அவர்கள் கதைத்த விதத்தை.

உள்ளே இருக்கிறவர் ஒவ்வொரு படியாக வாசிக்கிறார். மூன்றாவது போல்ட், இடப்பக்கமாக எட்டுச் சுற்று என்கிறார். வெளியே இருக்கிறவர் சரி என்று சொல்லவில்லை. மூன்றாவது போல்ட், இடப்பக்கமாக எட்டுச் சுற்று என்று திருப்பிச் சொல்லி, சுற்றி முடித்த பிறகு, எட்டுச் சுற்று ஆனது என்று எண்ணியும் சொல்கிறார். என் கவுண்டர் அப்படியே மேலே போயிருந்தது. நீ எனக்கு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொன்னாய், எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு சின்ன போல்ட் அவர் விரலை விட்டு நழுவிப் போனது. நம் ஹாங்கரில் விழுந்தால் நிலத்தில் சத்தம் கேட்கும், குனிந்து தேடலாம். அங்கே விழுவதற்கு நிலம் இல்லை. அது அவர் கண்ணெதிரே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டினார், எட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இனி இவர் என்ன சொல்லப்போகிறார், எப்படி மழுப்பப்போகிறார் என்று. அவர் இரண்டு மூச்சுக்கு மேல் எடுக்கவில்லை. ஒரு போல்ட்டை விட்டுவிட்டேன், பின்பக்கமாக மெதுவாகப் போகிறது, எனக்கு எட்டாது என்று சொல்லிவிட்டார். உலகமே கேட்டுக்கொண்டிருக்கிற லைனில், மதிய வேளைச் சாப்பாடு என்ன என்று சொல்கிற குரலில். கீழே பூமியில், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் அவரைவிடப் பெரிய ஆள். ஐயோ என்றோ, எப்படி என்றோ ஒரு வார்த்தை இல்லை. ஒரு போல்ட், பின்பக்கம், எட்டாது, விளங்கியது, உபரி போல்ட் நீலப் பையில் இருக்கிறது என்றார். அவ்வளவுதான். அவர் நீலப் பையைத் திறந்தார். வேலை நடந்தது.

நான் எழும்பிக் குசினிக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். கழுவி வைத்த கோப்பைகளை எடுத்துத் திரும்பவும் கழுவினேன். நீ பின்னாலேயே வந்து, என்னம்மா, சுகமில்லையோ என்று கேட்டாய். நான் என் பங்குக்கு ஒரு ‘ஓம்’ போட்டு உன்னை அனுப்பிவிட்டேன். அந்த மனிதருக்கு இரண்டு மூச்சுப் போதுமாக இருந்தது. எனக்கு இருபது நிமிடம். அதுவும் அவரிடமிருந்து போனது ஒரு போல்ட். நான் ஒரு விமானம் நிறையச் சனத்தை வைத்துக்கொண்டு குப்பை வாளியைக் கிளறிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது தம்பி. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீ போகப்போகிற கட்டுப்பாட்டு அறை, போன வருடம் ஐரோப்பியர்கள் அந்த நிலையத்தோடு கொண்டுபோய்ப் பொருத்திய ஆய்வுகூடத்தைக் கவனிக்கிற அறை என்று நீ சொல்லித்தான் அறிந்தேன். அங்கே ஜெர்மன்காரர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர் எல்லோரும் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் ‘ஓம்’ இருக்கும், கவனமாக இரு. தலையாட்டுகிறவனை நம்பாதே, திருப்பிச் சொல்கிறவனை நம்பு. உன்னால் ஒரு பிழை வந்தால் இரண்டு மூச்சுக்குள் சொல்லிவிடு. வேறு ஒருவர் தன் பிழையைச் சொன்னால் முகத்தைச் சுழிக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, உன் அப்பாவிடமிருந்து வந்தது. சொன்னதைத் திருப்பிச் சொல்லு, பிறகு நீலப் பை எங்கே இருக்கிறது என்று பார். ஒருவரைத் திட்டினால் அவர் அடுத்த முறை இருபது நிமிடம் எடுப்பார். இதில் எனக்கு அனுபவம் உண்டு.

அந்தக் கொளுக்கியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அப்பா போனபோது எனக்கு இரண்டாவது கொளுக்கி என்று ஒன்று இருக்கவில்லை. ஊர் விட்டுப் போயிருந்தது, ஆட்கள் விட்டுப் போயிருந்தார்கள், ஒருவர் இருந்தார், அவரும் போனார். நான் பிடித்தது உன்னைத்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளையில் என் முழுப் பாரத்தையும் கொழுவினேன். நீ ஒரு முறைகூடப் பாரமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கிட்டத்தில் என்றுதான் லண்டனிலேயே படித்தாய். வெள்ளிக்கிழமை ரயிலில் வர ஏலும் என்றுதான் லெஸ்டரில் வேலை எடுத்தாய். கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ போனார்கள், நீ என் முழங்காலுக்குத் தைலம் வாங்கிக்கொண்டு வந்தாய். எனக்கு அது இனிமையாக இருந்தது. இனிமையாக இருந்ததால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றதும் அதே காரணத்துக்காகத்தான். இந்த முறை நான் எடுத்தது இரண்டு நாள்.

ஆனபடியால் இப்போது முழுதாகச் சொல்கிறேன், விரல் வைத்து வாசி. நீ கேட்டது, நான் போகட்டோ என்று. நீ போ. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன் அவர்களுக்கு வருகிறேன் என்று எழுது. என் முழங்கால் ஒபரேஷன் நவம்பரில். அதற்குச் சின்னம்மா வந்து பத்து நாள் நிற்பாள், கேட்டு நாளும் குறித்துவிட்டேன். நீ அதற்கு வரத் தேவையில்லை, வந்தால் ஊன்றுகோலால் அடிப்பேன். விமான நிலையத்தில் நான் அழுவேன். அழுகை வரும்போது அதை வைத்து அர்த்தம் தேடாதே. அது நீ போகக் கூடாது என்பதற்கான அழுகை இல்லை, நீ போவதற்கான அழுகைதான். நீ இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்காது. பிடிக்காமலே இருந்து பழகிக்கொள்வேன். நான் அதைவிடப் பெரிய விஷயங்களுக்குப் பழகியவள். உன்னை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது, இதை நான் உன் முகத்துக்கு நேரே ஒரு நாளும் சொன்னதில்லை, எழுத்தில் இருக்கட்டும்.

இன்னும் நீ என்னை நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மா மனசுக்குள் வேறு ஏதோ வைத்துக்கொண்டுதான் எழுதுகிறா என்று நினைப்பாய். அதனால் இன்று காலை ஒரு வேலை செய்தேன். ஸ்டோரில் பின்னேர ஷிப்டுக்கு வருகிற ஜெயந்தி, மலேசியாக்காரி, என் வயதுதான், அவளும் தனியாள். அவள் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கிறார்களாம், இடம் தேடிக்கொண்டிருந்தாள். உன் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். பெட்டியோடு வந்தும்விட்டாள். உன் புத்தகங்கள் நான்கு பெட்டி, உடுப்பு இரண்டு பெட்டி, வயர் வயராக ஒரு பெட்டி, எல்லாம் மேலே பரணில் இருக்கிறது. அவள் இப்போது உன் மேசையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறாள், எனக்கும் ஊற்றி வைத்திருக்கிறாள், வெளிச்சம் நல்லா இருக்கு என்கிறாள். ஆகையால் நீ இந்த வெள்ளிக்கிழமை வந்தால் படுப்பதற்கு முன்னறைச் சோபாதான். வா, ஜெர்மனிக்கு என்னென்ன கொண்டுபோவது என்று இருந்து பார்ப்போம்.

வீட்டுப் பூட்டுக்குத் திறப்பு ஜெயந்திக்குப் புதிதாக ஒன்று வெட்டிக் கொடுத்திருக்கிறேன். உன்னுடையது உன்னிடமே இருக்கட்டும்.

அம்மா